மறைத்தவர்கள் நாங்கள்தான், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், இப்படி எழுதுவதற்கு. நீங்கள் கடிதம் படிக்கிறவர் இல்லை. பஸ் போர்டையும் ரேஷன் கார்டில் இருக்கும் உங்கள் பெயரையும் தவிர வேறு எதையும் எழுத்துக்கூட்டிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் "சுமதி, என்னா எழுதியிருக்கான்னு பாரும்மா" என்று என்னிடம்தான் நீட்டுவீர்கள். இதையும் யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு. அப்படிப் படிக்கிறவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தோணி சித்தப்பா இந்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு குஜராத்துக்குப் போகிறார். அங்கே ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை. உங்களோடு சூளையில் பன்னிரண்டு வருஷம் ஜோடியாக வேலை பார்த்தவர். அவர்தான் உங்களைக் கொன்றார் என்று ஊரில் ஒரு காகிதம் சுற்றுகிறது. அதனால்தான் போகிறார். அந்தக் காகிதத்தின் முதல் வரியை எழுதியது நான்.

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அன்று நடந்ததில் உங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் இருக்கும், அதனால் சொல்கிறேன். கொலு பொம்மை சீசன். சூளைக்குள் கதவை ஒட்டி அடுக்கியிருந்த தட்டு வரிசை சரிந்து, சூடு ஆறாத பொம்மைகளோடு உங்கள் மேல் விழுந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். அந்தோணி சித்தப்பா டீக்கடையிலிருந்து கிளாஸைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாராம். டீ முழுக்க அவர் சட்டையில் இருந்தது. அவர்தான் உங்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். புதுச்சேரிக்குக் கொண்டு போனோம். முதல் மூன்று நாள் உங்களுக்கு நினைவு இல்லை.

இரண்டாம் நாள் மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் ஊருக்கு வந்தேன். திரும்பிப் போகிற வழியில் சாவியைக் கொடுக்க, நான் வேலை பார்க்கிற அக்பர் பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மத்தியான நேரம். கரண்ட் இருந்தது, ஆள் இல்லை. நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. சிங்கப்பூர், குவைத், சென்னை என்று சிதறிக் கிடக்கிறவர்கள் ஊர்க் கதை பேசுவதற்காக ஆரம்பித்தது. அதில் நானும் 'ஊர்ப்பொண்ணு' என்ற பெயரில் இருந்தேன். எதுவும் எழுதியதில்லை, படிப்பதோடு சரி. அன்றைக்கு எழுதினேன்.

"செராமிக் எஸ்டேட்டில் ஒரு மேஸ்திரிக்குச் சூளையில் அடிபட்டிருக்கிறது. இரண்டு ஆள் இருக்க வேண்டிய இடத்தில் அவர் மட்டும் இருந்திருக்கிறார். கூட இருக்க வேண்டியவர் ஏன் இல்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்." இவ்வளவுதான். என் அப்பா என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அதில் ஒரு பொய் இல்லை. இன்றைக்கும் அதை எடுத்துப் படித்தால் எங்கே தப்பு செய்தேன் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. வெறும் கேள்வி.

நான்காம் நாள் காலையில் நீங்கள் கண் திறந்தீர்கள். அம்மா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். அப்போது நீங்கள் சொன்னதை இப்போது எழுதப் போகிறேன். எழுதக் கூடாது என்று சொன்னவர் நீங்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சுமதி, நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன். சூடு இருந்துச்சி. தெரிஞ்சிதான் கல்ல எடுத்தேன்."

"எதுக்குப்பா?"

"அஞ்சு பத்து பஸ்ஸு."

எனக்குப் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். மறுநாள் ஸ்ரீமுஷ்ணத்தில் சரோஜா அத்தையின் பெண் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அத்தைக்கு இருக்கிற ஒரே அண்ணன் நீங்கள். இங்கேயோ மறுநாள் காலையில் பொம்மை ஏற்ற லாரி வருகிறது. சூளைக் கதவைக் கல் வைத்து மண் பூசி அடைத்தவன் எவனோ அவன் கைதான் முதல் கல்லை எடுக்க வேண்டும் என்பது உங்கள் ஆட்களிடையே இருக்கிற வழக்கம். நீங்கள் அடைத்த சூளையை வேறு கை திறக்க விட உங்களுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கே திறந்து வைத்துவிட்டு ஐந்து பத்து பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டீர்கள். மேலே இரண்டு வரிசைக் கல்லை உருவி விட்டால் சீக்கிரம் ஆறும். எல்லாரும் திருட்டுத்தனமாகச் செய்கிற காரியம்தான். அப்படிச் செய்கிறவர்களை நீங்கள் திட்டுகிற திட்டு எஸ்டேட் கேட் வரைக்கும் கேட்கும்.

"அந்தோணி சித்தப்பா எங்க போனாரு?" என்று கேட்டேன்.

"அவன் இருந்தா வுட மாட்டான். அதான் டீ குடிச்சிட்டு வாடான்னு அனுப்பிட்டேன்."

என் கேள்விக்குப் பதில் அதுதான். நான் குழுவில் போட்ட கேள்விக்கு, போட்ட இரண்டாம் நாளே, என் காதில் பதில் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் நீங்கள் சத்தியம் வாங்கினீர்கள். "நான் பொழைக்கலன்னா இது யாருக்கும் தெரியக் கூடாது. உங்கம்மாவுக்குக் கூட. அத்த காதுக்குப் போவவே கூடாது. காது குத்துக்கு வரப் போயி மாமன் செத்தான்னா அந்தப் புள்ளைக்குப் பேரு கட்டிடுவாங்க. கண்ணாலம் காட்சி வரைக்கும் கூடவே வரும். எங்க, அடி சத்தியம்." உங்கள் கை முழுக்கக் கட்டு. அதனால் கட்டில் கம்பியில் அடித்துச் சத்தியம் செய்தேன். கம்பி சில்லென்று இருந்தது. இரண்டு நாள் கழித்து நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்து நான் மறுபடி சென்டருக்குப் போனபோது குழுவில் என் கேள்விக்குக் கீழே அறுபதுக்கு மேல் பதில்கள் இருந்தன. அழித்துவிடலாம் என்றுதான் திறந்தேன். என்னுடையதை மட்டும்தான் அழிக்க முடியும் என்று தெரிந்தது. அதுவும் எல்லாருடைய பெட்டிக்கும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

முதல் பதில் குவைத்திலிருந்து ஞானவேல் அண்ணன் எழுதியது. நினைவிருக்கிறதா, உங்களிடம் மண் குழைத்துக்கொண்டிருந்து பிறகு வெளிநாடு போனாரே. "நல்ல கேள்வி. அந்த மேஸ்திரி தப்பு செய்கிற ஆளே இல்லை. இதில் ஏதோ இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அடுத்தவர், எஸ்டேட் நிலத்தின் மேல் பெரிய இடத்தில் கண் இருப்பதாகத் தனக்குச் சந்தேகம் என்றார். அடுத்தவரிடம் அந்தச் சந்தேகம் செய்தியாகிவிட்டது. வெளிநாட்டுப் பொம்மை கொண்டுவருகிற வியாபாரிகளுக்கு நம் சூளைகள் மூடினால் லாபம் என்றார் ஒருவர். அந்தோணி வீட்டில் புதிதாகக் கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள், அது எப்படி என்றார் இன்னொருவர். அதைக் கட்டும்போது செங்கல் இறக்கியதே நீங்கள்தான், சித்திரை மாதத்தில். அது அவருக்கு எப்படித் தெரியும்?

வாட்ச்மேன் நோட்டில் அன்றைய பக்கம் கிழிந்திருக்கிறது என்பதுதான் பெரிய ஆதாரமாகிவிட்டது. வாட்ச்மேன் தாத்தா வாரத்துக்கு ஒரு பக்கம் கிழிப்பார், வெற்றிலையும் புகையிலையும் மடித்து வைக்க. உள்ளே வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் எழுதுகிறவர்கள் உள்ளே வேலை பார்க்கவில்லை.

ஒரு படமும் வந்தது, எரிகிற சூளை என்று. பின்னால் பனி மூடிய மலை தெரிந்தது. நம் ஊரில் எங்கே மலை? பெயரில்தான் மலை இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டே வாரத்தில் இதெல்லாம் சேர்ந்து ஒரே கடிதமாகிவிட்டது. 'மறைக்கப்பட்ட உண்மை' என்று தலைப்பு. முதல் வரி என்னுடையது, ஆனால் மாறியிருந்தது. 'கூட இருக்க வேண்டியவர் ஏன் இல்லை' என்று நான் எழுதியது, 'கூட இருக்க வேண்டியவரை விலைக்கு வாங்கி அப்புறப்படுத்தியது யார்' என்று ஆகியிருந்தது. அதை எழுதியவர், 'சம்பவத்தை நேரில் பார்த்த ஒரு பெண்' என்று இருந்தது. கடைசியில், 'மனசாட்சி உள்ளவர்கள் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.'

அந்தக் கடிதத்தை என் கையாலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன் அப்பா. இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே நம் பக்கத்து மங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, அக்குளில் பை. தன் மெயிலைத் திறந்து காட்டினார்.

"ஏம்மா, இத ஒரு இருவது காப்பி எடுத்துக் குடு. படிச்சியா நீ? அந்தச் சூள மேஸ்திரியப் போட்டுத் தள்ளிட்டானுங்க."

"யாருங்க சொன்னது?"

"நெட்டுல வந்திருக்குதும்மா."

"நெட்டுல யாரு போட்டாங்க?"

"அதான் சொல்றன்ல, நெட்டுலன்னு." என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தாளுக்கு ஒரு பொண்ணு இருக்குதாம். படிச்ச பொண்ணு. அதுக்கு ஏசி ரூமுல வேல வாங்கிக் குடுத்து வாய அடச்சிட்டானுங்களாம். இல்லன்னா பெத்த அப்பனுக்கு ஒரு வார்த்த பேசாதா?"

மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. என் ஏசி ரூமில் ஜன்னல் கூடக் கிடையாது. பட்டனை அழுத்தினேன். ஏழாவது காப்பியில் தாள் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து அக்பர் பாய் எட்டிப் பார்த்து, "என்னாம்மா, மிஷினுக்கே அது புடிக்கல போலருக்கே" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். தாளை உருவி எடுத்துவிட்டு மீதிப் பதின்மூன்றையும் அடித்துக் கொடுத்தேன்.

அதில் ஒன்றுதான் எஸ்டேட் டீக்கடையில் ஒட்டியிருந்தது என்று நினைக்கிறேன். ஒருவேளை வேறு யாராவது அடித்ததாகவும் இருக்கலாம். எதுவானால் என்ன.

ஒரு முறை மறுத்துப் பார்த்தேன். அதே 'ஊர்ப்பொண்ணு' பெயரில், "இது சாதாரண விபத்து. தயவுசெய்து நிறுத்துங்கள்" என்று எழுதினேன். ஏன் விபத்து, எப்படி விபத்து என்று எழுதவில்லை. சத்தியம் இருந்தது. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "முதலில் கேள்வி கேட்டவளே இப்போது மாற்றிப் பேசுகிறாள். மிரட்டியிருக்கிறார்கள்." அடுத்தவர், "பாவம், அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவள் உயிருக்கு ஆபத்து" என்று எழுதினார். எனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கூட ஒருவர் யாருக்கோ மனு எழுதிவிட்டார். பேசாமல் இருந்தால் வாயை அடைத்துவிட்டார்கள், பேசினால் மிரட்டிவிட்டார்கள். அந்தக் கதைக்குள் நான் நிற்க இடமே இல்லை.

இந்த ஒரு வருஷமாக உட்கார்ந்து யோசிக்கிறேன், ஏன் இப்படி ஆனது என்று. வேலை குறைவான நேரங்களில் சென்டரில் வேறு ஊர், வேறு தேசத்துக் கதைகளையும் தேடிப் படித்தேன். யாரோ பெரிய மனிதர் செத்துப்போனால், ஒரு கட்டிடம் விழுந்தால், ஒரு விமானம் காணாமல் போனால், எல்லா இடத்திலும் இதே மாதிரிதான் எழுதுகிறார்கள். அவர்கள் முட்டாள்கள் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

ஒரு மனுஷன் பஸ்ஸுக்காகச் செத்தான் என்றால் யாருக்கு ஏற்கும்? எனக்கே ஏற்கவில்லை. முப்பது வருஷம் நெருப்போடு வேலை பார்த்த ஆள். போனது அவ்வளவு பெரிய உயிர், காரணம் ஒரு டவுன் பஸ் அளவுக்கு இருக்கிறது. நிலம், வியாபாரி, பெரிய இடம் என்றெல்லாம் வைத்தால்தான் இரண்டும் சமமாக நிற்கிறது. உங்கள் மேல் மரியாதை இருக்கிறவர்கள்தான் அதை எழுதினார்கள், மரியாதை இல்லாதவர்கள் கவலைப்படவே இல்லை.

ஞானவேல் அண்ணன் உங்கள் சாவுக்கு வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை. போனில் அவர் அழுததைக் கேட்டிருக்கிறேன். இங்கே இருந்தவர்கள் பாடை கட்டினார்கள், பந்தல் போட்டார்கள், பால் ஊற்றினார்கள். அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவர் உட்கார்ந்து எழுதினார். முன்னாலென்றால் இப்படி ஒரு சந்தேகம் டீக்கடையோடு நின்றிருக்கும். உள்ளே வேலை பார்க்கிற யாராவது ஒருவர் "அட போய்யா, வாட்ச்மேன் வெத்தலைக்குக் கிழிச்ச பக்கம்யா அது" என்று சொன்னால் முடிந்துவிடும். இப்போது அது தெரியாதவர்களிடையே முதலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அச்சடித்த எழுத்தோடு தெரிந்தவர்களிடம் வருகிறது. நம் ஊரிலிருந்து குவைத்துக்குப் போன சந்தேகம், அங்கிருந்து நம் டீக்கடைக்கே செய்தியாகத் திரும்பி வந்தது. உள்ளே வேலை பார்த்தவர்களும் நம்பிவிட்டார்கள்.

தொழிலாளியின் கை விரல் போனதைக்கூட நோட்டில் லீவு என்று எழுதுகிற முதலாளிகளைப் பார்த்த ஜனங்கள் வேறு. அவர்களைச் சந்தேகப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியது. அது மட்டும் சரிதான் அப்பா. மறைத்தார்கள். பெரிய இடத்தில் யாரும் இல்லை, நாங்கள்தான்.

நான் மட்டும் இல்லை. போன வாரம் அந்தோணி சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாதா படத்தை மட்டும் இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. சித்தி உள்ளேயிருந்து வரவில்லை. அவர்கள் பெண்ணைப் பள்ளியில் கொலகாரன் பொண்ணு என்று கூப்பிடுகிறார்களாம். சூளையில் தட்டு ஏற்றும்போது கைமாற்றிக் கைமாற்றித்தானே கொடுப்பார்கள். இவர் நீட்டுகிற தட்டை யாரும் வாங்குவதில்லை. கீழே வைத்துவிட்டு நகர்ந்தால்தான் எடுக்கிறார்கள்.

"சித்தப்பா, அன்னிக்கு அப்பா ஏன் கல்ல எடுத்தாருன்னு உங்களுக்குத் தெரியும்தான?" என்று கேட்டேன்.

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னார். "தெரியாம என்னா? நான் வந்து பாக்கறப்ப மேல ரெண்டு வரிச கல்லு ஒழுங்கா அடுக்கி வச்சிருந்துச்சி, கீழ. தானா வுழுந்த கல்லு அப்படியா இருக்கும்?"

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என்னாத்தச் சொல்றது? அண்ணன் பன்னண்டு வருசமா எங்கள அந்த ஒரு விசயத்துக்குத்தான் திட்டிச்சி. செத்தப்புறம் அதே விசயத்துல நான் அத மாட்டி வுடறதா? எம் பேரு கெட்டா நான் குஜராத்துக்குப் போவேன். அது பேரு கெட்டா அது எங்க போவும்?" பிறகு சிரித்தார். "நீ ஏன் இங்க வந்த? உனக்கு ஏசி ரூமு போயிடப் போவுது."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் போனேன். பஸ்ஸில் உட்காரும்போது கூட என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. அத்தை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை, பவித்ரா, நன்றாக நடக்கிறாள் அப்பா, ஓடுகிறாள். முறத்தைத் தட்டிவிட்டு ஓடினாள்.

"அத்த, அப்பா அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"காது குத்துக்கு வரத்தான அவசரப்பட்டுச்சி?" என்றாள் முறத்தைப் பார்த்தபடியே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணிச்சிடி. டீக்கடையிலேருந்து. 'சரோஜா, அஞ்சு பத்து பஸ்ஸப் புடிச்சிடுவேன், எம் மடி இல்லாம குத்திடாத'ன்னிச்சி. நான் சும்மா இருந்திருக்கலாம். 'வந்தா வா, வராட்டி அண்ணன் தங்கச்சின்னு இனிமே பேசாத'ன்னேன். வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். எப்பவும் அப்படித்தான பேசுவோம்." முறத்தைக் கீழே வைத்தாள். "இத நான் யார்கிட்டப் போயி சொல்லுவேன், சொல்லு."

குழந்தைக்கு இன்னும் காது குத்தவில்லை. தெருவில் கேட்கிறார்களாம். காது குத்தாமலேயே பள்ளிக்கூடம் போவாளா என்று. அத்தை, சாமிக்கு வேண்டுதல் இருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கிறாள்.

பாருங்கள் அப்பா. ஆளுக்கு ஒரு துண்டு வைத்திருந்தோம். நான் சத்தியத்துக்காக, சித்தப்பா உங்கள் மரியாதைக்காக, அத்தை தன் குற்ற உணர்வுக்காக. மூன்று துண்டையும் சேர்த்தால் ஒரு சாயங்காலம். சேர்க்காமல் விட்ட இடத்தில்தான் அவர்கள் நிலத்தையும் வியாபாரியையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

"சொன்னா ஊரு என்னா சொல்லும் தெரியுமா?" என்றாள் அத்தை. "மாமன முழுங்கினவம்பாங்க." காது குத்து விஷயத்தை விட்டுவிட்டு, அப்பா சீக்கிரம் திறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதாதா என்று நானும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். போதாது. ஏன் சீக்கிரம் திறந்தார் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அங்கேயும் எதையாவது வைப்பார்கள்.

அத்தை முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு தானே சொன்னாள். "சொல்லாம இருந்து மட்டும் என்னா நல்லது நடந்துச்சி? அந்த மனுசன் புள்ள குட்டியோட ஊர வுட்டுப் போறாரு. சொல்லிடு. எம் பொண்ண எவ என்னா சொல்றான்னு நான் பாத்துக்கறேன். எனக்கு வாய் இருக்குது, உன்ன மாதிரி இல்ல."

அம்மாவிடம் கடைசியாகத்தான் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தக் காகிதத்தை அம்மா மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். படிக்கத் தெரியாது. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பாள். அதில் நீங்கள் நிலத்தை விற்க விடாமல் தடுத்தவர், ஏழைத் தொழிலாளிகளுக்காக நின்றவர். நான் சொல்லி முடித்தேன். அம்மா அழவில்லை. "பஸ்ஸுக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அந்தப் பேப்பர்ல இருக்கிற உங்கப்பா எவ்ளோ பெரிய ஆளா இருந்தாரு" என்றாள்.

தங்கச்சி மகளை மடியில் வைத்துக்கொள்ள ஓடியவரும் சின்ன ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. அம்மா காகிதத்தை வெளியே எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

இந்தக் கடிதத்தை அதே குழுவில் போடப் போகிறேன். என் சொந்தப் பெயரில். எஸ்டேட் டீக்கடையிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன், அக்பர் பாய் காப்பி எடுத்துத் தருகிறேன் என்றார். ஞானவேல் அண்ணனுக்குத் தனியாக எழுதுவேன். அவர் வருத்தப்படுவார். இது அந்த இன்னொரு கடிதம் போன தூரம் போகாது. பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று நான் எழுதவில்லை. படிக்கிறவர்களில் சிலர், இதையும் யாரோ சொல்லி எழுத வைத்தார்கள் என்பார்கள். சொல்லட்டும். யார் வந்து கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், எனக்குத் தெரிந்ததை மட்டும், தெரிந்த அளவுக்கு மட்டும், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கட்டில் கம்பியில் அடித்துக் கொடுத்த சத்தியம் போய்விட்டது. அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது. பஸ் ஏறும்போது அத்தை என்னோடு வந்து நின்றாள். "அந்த அந்தோணி உங்கப்பன அண்ணன்னுதான கூப்புடுவாரு?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப எனக்கு அவரு என்னா மொற?" என்றாள். அண்ணன் முறை என்று நான் சொல்லவில்லை. அதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள். அவளும் பதிலுக்கு நிற்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சித்தப்பா மாதக் கடைசியில் போகிறார். அதற்குள் ஒரு நல்ல நாள் இருக்கிறது, காலண்டரில் பார்த்துவிட்டேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை. வேற்று மதத்து ஆள், ஊர் கொலைகாரன் என்று பேர் வைத்திருக்கிற ஆள், அவர் சம்மதிப்பாரா என்று தெரியாது. அங்கே வருகிற சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றும் தெரியாது. ஆனால் அது உங்கள் இடம். அத்தை கொடுக்க முடியாது, நான் கொடுக்க முடியாது. உங்களைக் கேட்காமல் அவர் வீட்டுப் படி ஏற எனக்குக் கால் வரவில்லை.

பவித்ராவுக்குக் காது குத்தும்போது அவர் மடியில் உட்கார வைக்கட்டுமா, அப்பா?

இப்படிக்கு,
உங்கள் மகள்,
பவித்ராவுக்கு மாமன் மகள்,
அந்தோணி சித்தப்பாவுக்கும் மகள் முறை,
சுமதி